முட்டி வலியும் சர்க்கரையும் இருக்கிறதா? பழனிக்கு நடக்க இப்படித் திட்டமிடுங்கள்

பழனிக்கு நடக்க முடியுமா என்று யோசிப்பதற்கு முன்னால் எங்கிருந்து நடப்பது என்று முடிவு செய்யுங்கள். முட்டித் தேய்மானம், சர்க்கரை, இடுப்பு வலி, நெஞ்சில் ஸ்டென்ட் என்று ஏதாவது ஒன்றோடு தைப்பூசத்துக்குக் கிளம்புகிறவர்களில் பலர் இதை யோசிப்பதே இல்லை. ஊர்க் குழு காரைக்குடிப் பக்கத்திலிருந்து புறப்பட்டுக் குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாக 150 கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறது, நாமும் அந்தக் குழுவில்தான் இருக்கிறோம், அப்படியானால் நமக்கும் அதே தூரம்தான் என்று இருந்துவிடுகிறார்கள். முதல் நாள் எல்லாரும் நடந்துவிடுவார்கள். கூட்டமும் காவடிப் பாட்டும் அரோகரா சத்தமும் சேர்ந்து ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். மூன்றாம் நாள் விடியற்காலையில் பாயிலிருந்து எழ முடியுமா என்பதை வைத்துத்தான் தூரத்தைத் தீர்மானிக்க வேண்டும். எனக்கு இரண்டு முட்டியும் தேய்ந்தவை, சர்க்கரைக்கு மாத்திரையும் உண்டு. அந்தக் கணக்கில்தான் இதை எழுதுகிறேன்.

தூரத்தைக் குறைத்துக்கொள்ள வழி இருக்கிறது. திண்டுக்கல்லில் குழுவோடு சேர்ந்தால் பழனிக்குச் சுமார் 60 கிலோமீட்டர். ஒட்டன்சத்திரத்தில் சேர்ந்தால் அதில் பாதி. கோவைப் பக்கத்துக்காரர்கள் உடுமலையிலிருந்து நடந்தால் 35 கிலோமீட்டர் சொச்சம். அதுவும் முடியாதவர் ஆயக்குடியில் வண்டியை விட்டு இறங்கி நடந்து, கிரிவீதியை ஒரு சுற்று சுற்றிவிட்டு மலையேறலாம். இதெல்லாம் முழு யாத்திரை ஆகாது என்று சொல்ல ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இருப்பார், அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடுங்கள். "ஊரிலிருந்தே நடந்து வர்றேன்" என்று நேர்ந்துகொண்டு மனசு உறுத்துகிறவர்கள் குருசாமியிடம் வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது. எங்கள் குழுவில் வீட்டு வாசலிலிருந்து ஊர்ப் பிள்ளையார் கோயில் வரை நடந்து, அங்கே சிதறுகாய் போட்டுவிட்டு, வண்டியில் திண்டுக்கல் வந்து மறுபடி நடக்கிறவர்கள் உண்டு. முருகன் அவர்களைத் திருப்பி அனுப்பியதாகத் தெரியவில்லை.

அப்புறம் நாள். பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துக்கொண்டு கொங்குப் பக்கத்து மக்கள் திரளாகப் போவார்கள், ஆனால் பங்குனி வெயிலில் தார்ச்சாலை கொதிக்கும். இதயம், சிறுநீரகம், ரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கு மாத்திரை எடுப்பவர்களுக்கு அது வேண்டாம். தைப்பூசம் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வரும், பனி இருக்கும், பகல் வெயிலும் தாங்கக்கூடியது. அதிலும் பூசத்தன்றே மலையில் நிற்க வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாவிட்டால், ஒரு வாரம் பத்து நாள் முன்கூட்டியே நடந்துவிடுங்கள். வழியில் கூட்டம் குறைவு, படுக்க இடம் கிடைக்கும், மேலே வரிசையில் மணிக்கணக்கில் நிற்க வேண்டாம். நடப்பதைவிட நிற்பதுதான் தேய்ந்த முட்டியைக் கொல்லும்.

டாக்டரிடம் போய் "நடக்கலாமா?" என்று கேட்டால் "வேண்டாமே" என்றுதான் பதில் வரும். கேள்வியை மாற்றிக் கேளுங்கள். ஒரு நாளைக்கு 15 கிலோமீட்டர் வீதம் 4 நாள் நடக்கப் போகிறேன், என் சர்க்கரை மாத்திரையை அந்த நாட்களில் குறைக்க வேண்டுமா, நீர் பிரியும் மாத்திரையை எந்த நேரத்தில் எடுப்பது, காலில் உணர்ச்சி எப்படி இருக்கிறது, ஒரு ஈசிஜி பார்த்துவிடலாமா என்று கேட்டால் அவருக்கும் பதில் சொல்லப் பிடி கிடைக்கும். காலில் ஆறாத புண் இருக்கிறவர்கள், சமீபத்தில் நெஞ்சுவலி வந்தவர்கள், கொஞ்ச தூரம் நடந்தாலே மூச்சு வாங்குகிறவர்கள் இந்த வருஷம் வண்டியிலேயே போய்ச் சேவித்துவிட்டு வரலாம்.

இனி பழக்கம். ஐப்பசி கடைசியில் ஆரம்பித்தால்கூட இரண்டு, இரண்டரை மாதம் கையில் இருக்கும். வீட்டைச் சுற்றி, மொட்டைமாடியில், பூங்காவில் நடப்பதெல்லாம் ஆரம்பத்துக்குச் சரி. ஒரு மாதத்துக்குள் தார்ச்சாலைக்கு வந்துவிட வேண்டும், ஏனென்றால் வழி முழுக்கத் தாரும் சிமெண்ட் கல்லும்தான். தினமும் 2 கிலோமீட்டரில் தொடங்கி, வாரத்துக்கு வாரம் கொஞ்சமாகக் கூட்டி, மார்கழிக் கடைசியில் ஒரே நாளில் 12 கிலோமீட்டர் நடந்து பாருங்கள். அதைவிட முக்கியம் மறுநாள். மறுநாள் காலையிலும் அதே 12 கிலோமீட்டரை நடக்க முடிகிறதா? முடிந்தால் திண்டுக்கல்லிலிருந்து கிளம்பலாம். இரண்டாம் நாள் முட்டி வீங்கி, தொட்டால் சுட்டால், ஒட்டன்சத்திரம்தான் உங்கள் ஊர்.

நடையோடு தொடைக்கும் கொஞ்சம் வேலை கொடுங்கள். மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி வைத்து, மற்றக் காலை நேராக ஒரு முழம் உயரத் தூக்கி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்குவது. நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. இரண்டும் போதும். தொடைச் சதை உறுதியாக இருந்தால் முட்டி தப்பிக்கும். எடை குறைக்க முடிந்தவர்கள் விரத நாட்களைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டியில் விழும் பாரம் ஏறத்தாழ நாலு கிலோ குறையும். விரதம் என்று சொல்லிக்கொண்டு ராத்திரி முழுக்க இட்லியும் வாழைப்பழமுமாகச் சாப்பிட்டு எடை கூடுகிறவர்களும் இருக்கிறார்கள், அதை அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிடலாம்.

கைத்தடி வைத்துக்கொள்ளக் கூச்சப்படாதீர்கள். தண்டாயுதபாணியைப் பார்க்கப் போகிறோம், அவர் கையிலேயே தண்டு இருக்கிறது. தடியின் பிடி, கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு இருக்கும் உயரத்துக்கு வர வேண்டும். வலது முட்டி வலித்தால் தடி இடது கையில். வலிக்கிற பக்கமே தடியை ஊன்றி, உடம்பைச் சாய்த்துக்கொண்டு நடக்கிறவர்களை வழி நெடுகப் பார்க்கலாம், மாலைக்குள் இடுப்பும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். தடியின் அடியில் ரப்பர் குப்பி தேய்ந்திருந்தால் மாற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

காலுக்கு என்ன போடுவது

வெறுங்காலில் நடப்பதுதான் மரபு, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் சர்க்கரை பல வருஷமாக இருந்து பாதத்தில் உணர்ச்சி மங்கியவருக்கு வெறுங்கால் கூடவே கூடாது. முள் ஏறினாலும் தெரியாது, தார் சுட்டாலும் தெரியாது, ராத்திரி வண்டி வெளிச்சத்தில் காலைத் திருப்பிப் பார்க்கும்போதுதான் தோல் வழன்று கிடப்பது தெரியும். உங்களுக்கு உணர்ச்சி எப்படி என்று வீட்டிலேயே ஓரளவு சோதிக்கலாம்: கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள், வீட்டில் ஒருவர் உங்கள் கால் விரல் நுனிகளை ஒவ்வொன்றாக மெல்லத் தொடட்டும், தொடும்போதெல்லாம் நீங்கள் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று விரல்கள் விட்டுப்போனால் டாக்டரிடம் முறையாகக் காட்டிவிட்டுத்தான் மற்றது. குருசாமி செருப்புக்குச் சம்மதிக்காவிட்டால் குழுவை மாற்றுங்கள். கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், விரல் போனால் திரும்பி வராது.

செருப்பு என்றால் வாரில்லாத ரப்பர் செருப்பு அல்ல. சர்க்கரைக்காரர்களுக்கு என்றே விற்கும் எம்.சி.ஆர். செருப்பு, பின்னால் வார் வைத்தது, வாங்கி இரண்டு மாதமாவது போட்டுப் பழகியது. ஷூ போடுகிறவர்கள் அரை அளவு பெரிதாக வாங்குங்கள், மாலையில் கால் வீங்கும்; கடைக்கும் மாலையிலேயே போய் அளவு பாருங்கள். புதுச் செருப்போடு யாத்திரை கிளம்புவது, கொப்புளத்துக்கு முன்பணம் கட்டுவது போல. விரலிடுக்கிலும் குதிகாலிலும் வாசலின் தடவி, சாக்ஸ் போட்டு, மதியம் ஒருமுறை சாக்ஸை மாற்றினால் பாதித் தொல்லை குறையும். கொப்புளம் வந்துவிட்டால் ஊசியில் நூல் கோர்த்து விடுகிற வைத்தியம் வழியில் நடக்கும், சர்க்கரைக்காரர்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள். மேலே சுத்தமான கட்டு போட்டு, உராயாமல் பார்த்துக்கொண்டு, அதற்குமேல் பெரிதானால் வண்டியேறிவிடுங்கள்.

ஒவ்வொரு ராத்திரியும் காலைக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, சின்னக் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாதவர் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லலாம். யாத்திரையில் ஒருவர் காலை இன்னொருவர் பிடித்துவிடுவது சாதாரணம், இதற்குப் போய்ச் சங்கடப்பட ஒன்றுமில்லை.

வழியைப் பிரிப்பது

திண்டுக்கல்லிலிருந்து நான்கு நாள் என்று வைத்துக்கொண்டால், முதல் நாள் ரெட்டியார்சத்திரம், இரண்டாம் நாள் ஒட்டன்சத்திரம், மூன்றாம் நாள் சத்திரப்பட்டி, நான்காம் நாள் பழனி என்று பிரிக்கலாம். இரண்டாம் நாள்தான் கொஞ்சம் நீளம், அதை நடுவில் எங்காவது முறித்து ஐந்து நாளாக ஆக்கிக்கொண்டாலும் ஒன்றும் குடி முழுகாது. காலை ஆறேகால் வாக்கில் வெளிச்சம் வரும்போது தொடங்கி பத்துக்குள் பெரும்பகுதியை முடித்துவிட்டு, மதியம் படுத்து, நாலு மணிக்கு மேல் மிச்சத்தை நடப்பது வசதி. ராத்திரி முழுக்க நடக்கும் குழுக்களோடு போட்டி போட வேண்டாம். பாதயாத்திரைக் காலத்து விபத்துகள் பல இருட்டில், ஓட்டுநர் கண் அசரும் நேரத்தில் நடப்பவை. ஒட்டன்சத்திரம் பெரிய காய்கறிச் சந்தை, லாரிகள் இரவும் பகலும் வரும் போகும். பழனிச் சாலையில் நடப்பவர்களுக்கென்று தனி நடைபாதை போட்டிருக்கும் இடங்களில் அதை விட்டு இறங்காதீர்கள். இல்லாத இடத்தில் எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி சாலையின் வலது ஓரம். பையின் முதுகுப்பக்கத்திலும் தடியிலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள், கையில் ஒரு டார்ச்.

வேகத்தைப் பற்றி ஒன்றே ஒன்று: பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும். மூச்சு திணறிப் பேச்சு நின்றால் வேகம் அதிகம். மணிக்கு 3 கிலோமீட்டர் தாராளம். முக்கால் மணிக்கு ஒருமுறை உட்காருங்கள், ஆனால் தரையில் வேண்டாம். தரையில் உட்கார்ந்து எழும்போதுதான் முட்டி அதிகம் பாடுபடும். மடக்கு ஸ்டூல் ஒன்று குழு வண்டியில் கிடக்கட்டும், இல்லாவிட்டால் டீக்கடை பெஞ்சைக் குறிவையுங்கள்.

சாப்பாடும் மாத்திரையும்

வழியெல்லாம் அன்னதானப் பந்தல். கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பார்கள்: பொங்கல், தக்காளி சாதம், சுண்டல், கேசரி, இனிப்பு பானகம், சர்க்கரை தூக்கலாகப் போட்ட சுக்கு காபி. "சாமி, ஒரு வாயாவது" என்று கெஞ்சுகிறவரிடம் மறுப்பதும் கஷ்டம். கையில் வாங்கிக்கொண்டு பக்கத்தில் வரும் வாலிபப் பையனிடம் தள்ளிவிடுவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி, அவனும் சந்தோஷப்படுவான். சுண்டல், மோர், வெள்ளரிக்காய் கொடுக்கும் பந்தல்களில் தாராளமாக நில்லுங்கள். ஆயக்குடிப் பக்கம் கொய்யா மலிந்து கிடக்கும், நன்றாகப் பழுக்காததாக ஒன்று வாங்கிக் கடித்துக்கொண்டே நடக்கலாம்.

சர்க்கரை ஏறுவதைவிட இறங்குவதுதான் வழியில் ஆபத்து. இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கிளிமிபிரைடு வகை மாத்திரை எடுப்பவர்களுக்கும், மணிக்கணக்கில் நடந்தால் சர்க்கரை சட்டென்று விழும். கை நடுக்கம், திடீர் வியர்வை, காரணமில்லாத எரிச்சல், பேச்சுக் குழறல் என்றால் உடனே உட்கார்ந்து மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள், கால் மணி நேரம் கழித்துச் சோதித்துப் பாருங்கள், 70க்குக் கீழேயே இருந்தால் மறுபடியும் அதே. பிறகு ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் நடை. சோதிக்கும் மிஷினும் சர்க்கரைப் பொட்டலமும் வண்டியில் இருந்து பிரயோஜனமில்லை, இடுப்புப் பையில் இருக்க வேண்டும். உங்களுக்கு என்ன நோய், என்ன மாத்திரை, யாருக்குப் போன் செய்வது என்று எழுதிய அட்டையும் அதே பையில். கூட நடப்பவர் ஒருவருக்காவது இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். மயங்கி விழுந்தவரை விரதக் களைப்பு என்று நினைத்து விசிறிக்கொண்டிருப்பார்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 108ஐக் கூப்பிட வேண்டும் என்பதையும் அவருக்குச் சொல்லி வையுங்கள்.

வலி மாத்திரை விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே இருங்கள். டைக்ளோபினாக் போன்றவற்றைக் காலை ஒன்று மாலை ஒன்று என்று போட்டுக்கொண்டு, தண்ணீரும் குறைவாகக் குடித்து, ரத்த அழுத்த மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு அது மிகக் கெட்ட கூட்டு. இன்னொன்று, வலி என்பது நிறுத்தச் சொல்லி முட்டி அனுப்பும் தகவல், அதை மரத்துப்போக வைத்துவிட்டு நடந்தால் எப்போது நிறுத்துவது என்றே தெரியாது. ஐஸ் ஒத்தடம், முட்டி உறை, ஓய்வு, டாக்டர் எழுதித் தந்த பாராசிட்டமால். அதற்கு மேல் தேவைப்பட்டால் அன்றைக்கு நடை முடிந்தது.

ஒதுங்கவும் படுக்கவும்

இதைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை, ஆனால் முட்டி வலிக்காரர்கள் பாதியில் திரும்புவதற்கு நடையைவிட இதுதான் அதிகம் காரணம் என்பேன். குந்தி உட்கார முடியாதவருக்கு வழியில் கக்கூஸ் கிடைப்பது அரிது. பெண்கள் இதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் நடப்பார்கள், இரண்டாம் நாள் நீர்க்கடுப்பும் தலைவலியும் வரும். நடுவில் ஓட்டை வெட்டிய பிளாஸ்டிக் ஸ்டூல், அல்லது மருந்துக்கடைகளில் கிடைக்கும் மடக்கு கமோடு நாற்காலி ஒன்றை வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள், மறைப்புக்குப் பழைய புடவை ஒன்று. எங்கள் குழுவில் ஒரு ஆச்சி இதை வற்புறுத்திக் கொண்டுவரச் செய்தார். கிண்டல் செய்தவர்களெல்லாம் மறுநாள் காலையில் "ஆச்சி, அந்த ஸ்டூல் எங்கே இருக்கு?" என்று வரிசையில் நின்றார்கள்.

படுக்கை முடிந்தவரை கட்டில் அல்லது திண்ணை. திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் இரண்டிலும் லாட்ஜ் உண்டு, மேற்கத்திய கழிப்பறை இருக்கிறதா என்று முன்கூட்டியே போன் செய்து கேட்டு அறை பிடித்துவிடலாம். விரதத்தில் லாட்ஜில் தங்கலாமா என்றால், மண்டபத் தரையில் படுத்து மறுநாள் நாலு பேர் தூக்கி நிறுத்துவதற்கு இது மேல். ராத்திரிப் பனி கடுமையாக இருக்கும், காதை மூடுங்கள், ஆஸ்துமாக்காரர்கள் இன்ஹேலரைத் தலைமாட்டில் வையுங்கள்.

எந்த நிலை வந்தால் நிறுத்துவது என்பதையும் வீட்டிலேயே எழுதி, கூட வருபவரிடம் கொடுத்துவிடுங்கள். வழியில் நம் வாய் "இன்னும் கொஞ்சம்தான்" என்றே சொல்லும். முட்டி மடக்க முடியாமல் வீங்கினால், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், நெஞ்சில் இறுக்கம் வந்தால், காலில் புண் திறந்தால், பேச்சே கிடையாது. நெஞ்சு விஷயம் என்றால் நேராக ஆஸ்பத்திரி. மற்றவற்றுக்கு இந்தச் சாலையில் பஸ் ஓடிக்கொண்டே இருக்கும், ஒட்டன்சத்திரத்திலும் பழனியிலும் ரயில் நிலையமும் உண்டு.

மலையில்

அறுநூற்றுச் சொச்சம் படி உங்களுக்காகக் காத்திருக்கிறது என்பதைச் சக்தியைக் கணக்கிடும்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். தண்டவாளத்தில் பெட்டியை இழுத்துக்கொண்டு மேலே போகும் வின்ச் இருக்கிறது, 2004லிருந்து ரோப்கார் இருக்கிறது. காற்று பலமாக அடித்தால் ரோப்காரை நிறுத்திவிடுவார்கள், பூச நாட்களில் இரண்டுக்குமே வரிசை நீளும். ஏறத்தான் வேண்டும் என்றால் யானைப்பாதை சாய்வு குறைந்தது. படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில், இரண்டுக்கும் தடி துணையாக. உண்மையில் முட்டியை உடைப்பது இறக்கம்தான். ஏறுவதற்கு நடை, இறங்குவதற்கு வின்ச் என்று வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். 2023 அக்டோபரிலிருந்து மேலே செல்போன் கொண்டுபோக அனுமதி இல்லை. அதனால் குழுவிலிருந்து பிரிந்தால் அடிவாரத்தில் எங்கே சந்திப்பது என்று முன்பே பேசிவையுங்கள். கையில் சென்சார் ஒட்டி, போனில் சர்க்கரை பார்க்கிறவர்கள் சாதாரண மிஷினை எடுத்துக்கொள்ளுங்கள்.

சண்முக நதியில் குளிக்க ஆசைப்படுகிறவர்கள் வழுக்கும் இடத்தில் இறங்காமல் ஓரமாக உட்கார்ந்து சொம்பில் மொண்டு ஊற்றிக்கொள்ளலாம், காலில் புண் இருந்தால் தலையில் தெளித்துக்கொள்வதோடு சரி.

ஊர் திரும்பும்போது பஸ்ஸில் காலைத் தொங்கவிட்டுத் தூங்கிவிடாதீர்கள். கணுக்காலை ஆட்டிக்கொண்டே இருங்கள், வண்டி நிற்கும் இடத்தில் இறங்கி நாலடி நடங்கள். குறைத்த மாத்திரையைப் பழைய அளவுக்கு எப்போது கூட்டுவது என்பதை டாக்டரிடம் கேட்டு வைத்திருப்பீர்கள், அதன்படி செய்யுங்கள், ஏனென்றால் நடை நின்ற மறுநாளே பஞ்சாமிர்தம் வீட்டில் திறந்திருக்கும். இன்னும் இரண்டு வாரத்துக்கு ராத்திரியில் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்ப்பதை விடாதீர்கள். எங்காவது சிவந்தோ கறுத்தோ இருந்தால் அன்றைக்கே காட்டிவிடுங்கள்.